முயல் வேட்டைத் துப்பாக்கியைப் போட்டித் துப்பாக்கி என்று விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
துப்பாக்கி, தோட்டா விற்பனை நிறுவனம்.

பொருள்: 50 மீட்டர் போட்டிக்கெனக் கேட்ட .22 ரிம்ஃபயர் ரைஃபிளுக்குப் பதிலாக வேட்டை ரைஃபிள் வழங்கப்பட்டது. மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா,

வணக்கம். என் மகளுக்காக உங்கள் நிறுவனத்தின் மூலம் வரவழைத்த ரைஃபிளை வைத்து அவளால் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள முடியாது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டதற்கு, பொருளில் பழுது எதுவும் இல்லை, எனவே திரும்பப் பெற இயலாது என்று உங்கள் விற்பனைப் பிரிவு பதில் அனுப்பியிருக்கிறது. பழுது இருப்பதாக நான் எங்கும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டது ஒன்று, நீங்கள் கொடுத்தது வேறொன்று. அதுதான் என் புகார். உங்கள் ஆலோசகர் முதல் நாளிலிருந்து எங்களிடம் தமிழில்தான் பேசினார், வாட்ஸ்அப்பிலும் தமிழில்தான் எழுதினார். அதனால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். அந்தச் செய்திகளின் நகல்கள் இணைப்பில் உள்ளன.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டவள். தொடக்கக் கல்லூரிக்குப் போன பிறகு 50 மீட்டர் ரைஃபிளுக்கு மாற விரும்பினாள். 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் ஊர் ஜாஸ்மின் செர் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றதும், 2018ல் கோல்ட் கோஸ்ட்டில் மார்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றதும் அவளுக்குப் பாடம்போல மனப்பாடம். மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று 60 குண்டுகள் சுடும் மூன்று நிலைப் போட்டிக்குத்தான் ரைஃபிள் வேண்டும், ஓல்ட் சுவா சூ காங் ரோட்டில் உள்ள சுடுதளத்தில்தான் பயிற்சி என்று எங்கள் முதல் செய்தியிலேயே எழுதியிருந்தோம். வேட்டை என்ற சொல் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு முறைகூட வரவில்லை.

அப்படியிருந்தும் உங்கள் ஆலோசகர் முதலில் பரிந்துரைத்தது .17 எச்எம்ஆர். 2002ல் ஹோர்னடி நிறுவனம் கொண்டுவந்த தோட்டா அது. 17 கிரெய்ன் (ஏறத்தாழ 1.1 கிராம்) எடையுள்ள சின்னஞ்சிறு குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 775 மீட்டர் வேகத்தில் பறக்கும். 100 மீட்டர் தாண்டியும் அதிகம் தாழாமல் போகும் என்பதால், பயிர் தின்னும் முயலையும் தரை அணிலையும் சுடுகிறவர்கள் அதை விரும்புகிறார்கள். .22ஐவிட இதுதான் துல்லியமானது என்று ஆலோசகர் எழுதினார். 150 மீட்டரில் நிற்கும் முயலுக்கு அது உண்மைதான். ஆனால் ஐஎஸ்எஸ்எஃப் எனப்படும் அனைத்துலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் 5.6 மில்லிமீட்டர், அதாவது .22 லாங் ரைஃபிள் தோட்டா மட்டுமே அனுமதி. இந்தத் தொழிலில் இருப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். மகளின் பயிற்றுநர் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஆலோசகர் .22க்கு வந்தார்.

வந்தவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அதே வேட்டை வரிசையில் உள்ள கனத்த குழல் மாடல். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் முயல் சுடுகிறவர்கள் இதை நம்பி வாங்குகிறார்கள், குழல் கனமாக இருப்பதால் போட்டிக்கும் இதுவே போதும், ஒரே ரைஃபிளில் இரண்டு வேலையும் ஆகும் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்களுக்கு இரண்டு வேலை இல்லை. சிங்கப்பூரில் தனியார் ஒருவர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போக வழியே கிடையாது. வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் எந்தக் காட்டு விலங்கையும் கொல்லக் கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிகூடத் துப்பாக்கி சுடும் கிளப்பின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டுக்கு வராது. இந்த ஊரில் கடை நடத்தும் ஒரு நிறுவனம் இந்த ஊர்க்காரருக்கு வேட்டையை ஒரு சிறப்பம்சமாகச் சொல்லி விற்றது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ரைஃபிள் மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். கனத்த குழல் அதிர்வைக் குறைக்கும். தன்னைத் தாங்கும் கட்டையைத் தொடாமல் குழல் தனித்து நிற்கும்படிதான் பொருத்தியிருக்கிறார்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் கையில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் துல்லியம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. வேட்டைக்காரருக்கு வேண்டியது முதல் குண்டு. குளிர்ந்த குழலிலிருந்து போகும் அந்த ஒரு குண்டு சில சென்டிமீட்டர் அகலமுள்ள இடத்தில் பட்டால் போதும். என் மகளுக்கு வேண்டியது அறுபது குண்டும் ஒரே இடத்துக்குப் போவது. 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். 5.6 மில்லிமீட்டர் குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டுகளின் மையங்கள் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். சுடுகிறவரின் மூச்சும் நாடித்துடிப்பும் காற்றும் அந்த 16 மில்லிமீட்டரில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்சமிருக்கும் சிறு பங்குதான் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் ரைஃபிளோடு கொடுத்த சோதனை அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் ஐந்து ஓட்டைகள் நெருக்கமாக இருக்கின்றன, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஐந்து குண்டுகள் போட்ட ஓட்டைகளின் கூட்டத்தைவிட அதே ரைஃபிள் சுடும் பத்துக் குண்டுக் கூட்டம் சராசரியாகக் கால் பங்கு பெரிதாக இருக்கும் என்பது கணக்கு தெரிந்த எவரும் அறிந்தது. எந்தத் தோட்டா, எந்தத் தொகுதி எண், எவ்வளவு தூரம் என்ற எதுவும் அந்த அட்டையில் இல்லை. கிளப்பில் ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்து, நீங்கள் கொடுத்த அதே தோட்டாவைக் கொண்டு, பயிற்றுநர் முன்னிலையில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தோம். ஒரு கூட்டம்கூட 16 மில்லிமீட்டருக்குள் அடங்கவில்லை. மனிதக் கையின் நடுக்கம் சேராத அளவு அது.

தோட்டாவிலும் இதே கதைதான். போட்டிக்கு என்று எழுதிக் கேட்டவர்களுக்கு நீங்கள் அனுப்பியது நுனி குழிந்த அதிவேக வேட்டைத் தோட்டா. அதன் வேகம் விநாடிக்கு 380 மீட்டர் அளவில் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் 350 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அந்தக் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, இலக்கை அடைவதற்குள் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு அலைக்கழிகிறது. வேகமான குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று தோன்றும். .22ல் நடப்பது நேர்மாறு: ஒலிவேகத்துக்கு அருகே காற்றின் தடை திடீரென்று ஏறுவதால், அதிவேகக் குண்டுதான் பக்கக் காற்றில் அதிகம் விலகுகிறது. அதனால்தான் போட்டித் தோட்டாக்கள் எல்லாம் 40 கிரெய்ன் எடையில், விநாடிக்கு 320, 330 மீட்டர் வேகத்தில், தொடக்கம் முதலே ஒலிக்குக் கீழே பறக்கும்படி செய்யப்படுகின்றன.

.22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே பரவியிருக்கிறது. ஒரு முறை சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும், வேட்டைக்காரர் பெரிய தோட்டாக்களுக்குச் செய்வதுபோல வீட்டில் மறுபடி நிரப்பிச் சரிசெய்ய வழியில்லை. தொழிற்சாலை கொடுப்பதுதான் முடிவு. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் தொகுதி எண் மாறினால் அதே குழலில் வேறு மாதிரி சுடும். இதற்காகவே இங்கிலாந்தின் எலே நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவாவும் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைஃபிளை அங்கே கொண்டுபோய், பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்தும் தொகுதியை மொத்தமாக வாங்குகிறார்கள். அந்த அளவுக்கு நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாதாரண வேகத் தோட்டாவில் இரண்டு மூன்று தொகுதிகளாவது கொடுத்து, எது பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

இவையெல்லாம் இருக்கட்டும், இன்னும் அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. இந்த ரைஃபிள் போட்டிக்கு முந்திய கருவிச் சோதனையையே தாண்டாது. ஐஎஸ்எஸ்எஃப் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கி ஸ்கோப் கூடாது. குறிபார்க்கப் பின்னால் துளைப் பார்வையும் முன்னால் வளையப் பார்வையும் வைத்துத்தான் வீரர்கள் சுடுகிறார்கள். நீங்கள் கொடுத்த ரைஃபிளில் அவை இரண்டும் இல்லை. குழலின் முனையில் முன்பார்வையைப் பொருத்தக் காடியும் வெட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஸ்கோப்பைச் சேர்த்து, அதற்கும் விலை போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு குண்டும் கையால் ஏற்றப்பட வேண்டும் என்பது விதி. வந்திருப்பது மேகசின் வைத்த ரைஃபிள். கைத்தடுப்பையும் வாரையும் மாட்டக் கட்டையின் அடியில் தண்டவாளம் போன்ற பட்டை இல்லை. கன்னம் பதியும் பகுதியும் தோளில் பதியும் தட்டும் அசையாதவை. மண்டியிடும்போது ஓர் உயரம், படுக்கும்போது ஓர் உயரம், நிற்கும்போது இன்னோர் உயரம் என்று மாற்றிக்கொள்வதில்தான் மூன்று நிலைப் போட்டியே இருக்கிறது. அந்த ரைஃபிளில் அவள் கழுத்தை வளைத்து வளைத்துக் கண்ணை ஸ்கோப்புக்கு நேராகக் கொண்டுவரப் பார்த்ததையும், பயிற்சி முடிந்து தோள்வலியோடு வந்ததையும் தகப்பனாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பதில் கடிதம் சொல்வது, வேண்டுமானால் கட்டையை மாற்றிக்கொள்ளலாம், குழலில் காடி வெட்டிக்கொள்ளலாம், செலவு எங்களுடையது என்று. போட்டிக் கட்டையும் துளைப் பார்வையும் சேர்ந்து ரைஃபிளின் விலையையே தாண்டிவிடும். அத்தனையும் செய்தாலும் விசையும் தோட்டா அமரும் அறையும் வேட்டை ரைஃபிளினுடையவைதான். அன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் இந்தப் போட்டிக்கென்றே ரைஃபிள் செய்கின்றன. அதில் பழைய மாடல் ஒன்றை, வேறொரு வீரர் பயன்படுத்தியதை வாங்கித் தந்திருந்தால்கூட நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்போம். பயிற்றுநரும் அதையே சொன்னார். அப்படி ஒன்றைத் தேடித் தர முடியுமா என்று நாங்கள் கேட்ட செய்தியும் இணைப்பில் இருக்கிறது. அதற்குப் பதிலே வரவில்லை.

மற்றப் பொருளைப்போல வேண்டாம் என்றால் கடையில் விட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளும் நிலையில் நாங்கள் இல்லை. காவல்துறை உரிமம் குறிப்பிட்ட அந்தத் துப்பாக்கிக்கு உரியது. வேறொன்றை வாங்கினால் விண்ணப்பம், கிளப்பின் ஒப்புதல், இறக்குமதி அனுமதி எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் அவள் கிளப்பின் பொது ரைஃபிளுக்காக மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறாள். ஏ நிலைத் தேர்வு வரப்போகிறது. ஒரு மாணவிக்குப் பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். விற்கும்போது எங்களிடம் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தப் போட்டி, எந்த விதி? பதிலை நாங்கள் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தோம்.

எனவே என் கோரிக்கை இது. ரைஃபிளையும் ஸ்கோப்பையும் பிரிக்காத தோட்டாப் பெட்டிகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, 50 மீட்டர் போட்டி விதிக்கு உட்பட்ட ரைஃபிள் ஒன்றை வரவழைத்துத் தர வேண்டும். விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கொடுக்க நான் தயார். அது இயலாது என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டில் எதுவானாலும் உரிமம் தொடர்பான புதிய கட்டணங்களை உங்கள் நிறுவனம் ஏற்க வேண்டும். காவல்துறைக்கும் கிளப்புக்கும் தேவைப்படும் கடிதங்களையும் நீங்களே எழுதித் தர வேண்டும்.

வாடிக்கையாளர் தமது தேவையை முன்கூட்டியே தெரிவித்திருந்தால், விற்கும் பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டம் சொல்கிறது. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத பொருளைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். நாங்கள் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறோம். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், அங்கும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திடமும் செல்வேன். கேட்கும் தொகை மன்றத்தின் 20,000 வெள்ளி வரம்புக்குள் அடங்குகிறது.

பதிலை உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து அல்லாமல் உங்களிடமிருந்தே எதிர்பார்க்கிறேன். ரைஃபிள் கிளப்பின் கிடங்கில் இருக்கிறது. பரிசோதிக்க ஆள் அனுப்புவதானால் முன்கூட்டியே தெரிவியுங்கள். பயிற்றுநரும் நானும் உடனிருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாட்ஸ்அப் செய்திகளின் நகல், ரசீது, நீங்கள் கொடுத்த சோதனை அட்டை, கிளப்பில் சுட்ட அட்டைகள், பயிற்றுநரின் குறிப்பு.