காற்றுக் குழாயில் காற்றாடி வைத்தால் மைலேஜ் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஏர் ஃபில்டர் குழாய்க்குள் தகட்டுக் காற்றாடி ஒன்றைச் செருகினால் காற்று சுழன்று அதிகமாக உள்ளே போகும், மைலேஜ் எக்கச்சக்கமாகக் கூடும், பிக்கப்பும் ஏறும் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் லோடு வண்டி ஓட்டுகிற பையன்கள் நாலைந்து பேர் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, "அண்ணே, வாங்கலாமா?" என்று என்னிடம் வந்து நின்றார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு இதே சாமானை வாங்கி ஏமாந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு மீனும் நண்டும் ஏற்றிப்போகும் சின்ன டீசல் வண்டி என்னுடையது. பொருட்காட்சிக் கடை ஒன்றில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன். முதல் நடையிலேயே லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது. வழக்கமாக 15½தான் வரும். வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அன்றைக்குப் பாதி லோடு. புதுச் சாமான் மாட்டிய ஆசையில் 50-ஐத் தாண்டாமல் வேறு ஓட்டியிருக்கிறேன். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிவருகிறது. மிச்சமான டீசல் என் கால் மிச்சம் பிடித்தது, காற்றாடி மிச்சம் பிடித்ததல்ல.

அதன் பிறகு ஒழுங்காகக் கணக்கு வைத்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், வாய்வரை டேங்க், முழு லோடு, வழக்கமான வேகம். மாட்டி நாலு நடை, கழற்றி நாலு நடை. மாட்டியிருந்தபோது சராசரி 15.4, கழற்றிய பிறகு 15.6. நோட்டு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

கழற்றிய அன்று வயிற்றைக் கலக்கிவிட்டது. ரப்பர் குழாயை உருவிப் பார்த்தால் தகடெல்லாம் துரு. நம் உப்புக் காற்றுக்கு எந்தத் தகடு தாங்கும்? ஆறு இதழில் ஐந்துதான் இருந்தது. ஆறாவதைத் தேடினால், குழாயின் வளைவில் ரப்பரைக் குத்திக்கொண்டு நிற்கிறது, கட்டைவிரல் நகம் அளவுக்கு. இன்னும் ஒரு சாண் போயிருந்தால் வால்வு, பிஸ்டன் எல்லாம் போயிருக்கும். அந்த வண்டிதான் எங்கள் வீட்டுச் சோறு.

நல்ல டீசல் இன்ஜினுக்குள் தேவைக்கு மேலேயே காற்று போகிறது. சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் நாம் ஆக்சிலேட்டரை மிதித்து உள்ளே விடுகிற டீசல்தான். பெட்ரோல் வண்டியில் நாம் பாதி ஆக்சிலேட்டரில் போகும்போது உள்ளே இருக்கிற திராட்டில் தகடே காற்றை மறித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதற்கு முன்னால் எதை வைத்து என்ன? காற்று கூடினால் இன்ஜெக்ஷன் வண்டியின் கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலையும் சேர்த்தே விடும். காற்று சுழன்று போனால் நன்றாக எரியும் என்பது உண்மைதான். அந்தச் சுழலை உண்டாக்கத்தான் கம்பெனிக்காரன் சிலிண்டர் வாயையும் பிஸ்டன் தலையையும் அப்படி வடித்திருக்கிறான். குழாயில் கிளப்பிய சுழல் அத்தனை வளைவும் வால்வு இடுக்கும் தாண்டி உள்ளே போய்ச் சேராது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று விற்ற கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்திருக்கிறது. சொல்லிக்கொள்கிற அளவுக்கு மைலேஜைக் கூட்டியது ஒன்றுகூட இல்லை. 2009-ல் அங்கேயே இன்னொரு சோதனை நடந்தது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களின் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டினார்கள். பிக்கப் குறைந்தது, மைலேஜ் குறையவில்லை. அடைத்தே குறையாத மைலேஜ், திறந்துவிட்டால் எங்கிருந்து கூடும்?

காற்றாடியைவிட எனக்குப் பெரிய பயம், ஃபில்டர் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த வலைக் கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்களே, அதுதான். ரேஸ் வண்டியில், டியூனிங்கும் மாற்றி, ஆர்.பி.எம். உச்சத்தில் ஓட்டுகிறவனுக்கு அதனால் கொஞ்சம் சக்தி கூடும். அதை மறுக்கவில்லை. ஆனால் நாம் ஓட்டுவது எங்கே? தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ரோட்டின் மேல் மணல் ஓடுவதைப் பார்க்காதவர் நம் பக்கம் யார்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று உள்ளே போகிறது, அத்தனையும் இந்த மணல் காற்று. பக்கத்து வீட்டுத் தம்பி பைக்குக்குக் கூம்பு மாட்டினான். சத்தம் கூடியது, அதையே சக்தி என்று நினைத்துக்கொண்டான். ஒரு வருடத்துக்குள் நீலம் கலந்த வெள்ளைப் புகை, ஆயில் காலி. மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து என் விரலைப் பிடித்து சிலிண்டரின் உள்சுவரில் தடவிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக நகத்தில் தட்டியது. "அண்ணே, இது பூரா மணல் கிழிச்சது" என்றார்.

டீசல் விலையில் திணறுகிறவன்தான் இதையெல்லாம் வாங்குகிறான், அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டயர் காற்றைச் சரியாக வைக்கச் சொல்லுங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டீசல் வண்டியில் கறுப்புப் புகை வந்தால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி விளம்பரம் மறுபடி வந்தால், புனேயில் வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள், கொடுத்தால் போடுங்கள். ஏப்ரல் 15-ல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகு கரையேறினால் எங்களுக்கு லோடு குறையும், கையில் காசு இருக்காது. அதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வெளியிட்டால் அந்தப் பையன்களிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
மீன் லோடு வண்டிக்காரர்,
தங்கச்சிமடம்.