கடைமடைக்கும் கொஞ்சம் அலைக்கற்றை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அலைக்கற்றை ஏலத்தில் அரசுக்கு எத்தனை கோடி வந்தது என்று சென்ற இதழில் விரிவாக எழுதியிருந்தீர்கள். விற்காமல் கிடப்பதைப் பற்றியும், விற்ற பிறகும் கிராமத்துப் பக்கமே வராததைப் பற்றியும் கட்டுரையில் பேச்சில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போடிநாயக்கனூர் பக்கம் ஒன்பது வருஷமாகச் சிறிய அளவில் இணையச் சேவை நடத்துகிறேன். டவுன் வரை ஃபைபர் வருகிறது. அங்கிருந்து மலையடிவார ஊர்களுக்குக் கேபிள் இழுக்கக் கட்டுப்படியாகாது. ஓடையும் தோப்பும் குறுக்கே கிடக்கின்றன. அதனால் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, டிஷ் கட்டி, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அனுப்புகிறேன். இந்த அலைவரிசைக்குத் தனி உரிமம் வேண்டாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸை இப்படித் திறந்துவிட்டது. என்னைப் போன்றவர்கள் தொழில் செய்வதே அதை வைத்துத்தான்.

அதிலும் தூரத்து ஊர்களுக்கு நான் நம்பியிருப்பது 5725 முதல் 5875 வரை உள்ள 150 மெகாஹெர்ட்ஸை. இருபது இருபதாகப் பிரித்தால் ஏழு சேனல் கிடைக்கும். ஒரே ஆள் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சேனல் போட்டு உட்கார்ந்தால் பாதிக்கு மேல் போய்விடும். நாலு வருஷத்துக்கு முன் பக்கத்து ஊரில் இன்னொருவர் இதே தொழிலை ஆரம்பித்தார். முதல் வாரமே இரண்டு பேர் லிங்க்கும் அடிவாங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டோம்: கீழே மூன்று சேனல் அவருக்கு, மேலே மூன்று எனக்கு, நடுவில் உள்ளதை இருவரும் தொடுவதில்லை. அந்தத் தாள் இன்னும் என் ரேடியோ பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

போன வருஷம் ஒரு பெரிய நிறுவனம் ஊருக்கு நடுவே டவரில் மூன்று பக்கமும் ரேடியோ ஏற்றியது. முன்பெல்லாம் சாயங்காலம் லேப்டாப்பில் எந்தச் சேனலில் எவ்வளவு சிக்னல் என்று ஸ்கேன் ஓட்டினால், சேனலுக்குச் சேனல் நடுவே காலியிடம் பள்ளமாகத் தெரியும். இப்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மேடு. 40 எம்பி வேகம் ஓடிய வீட்டில் இப்போது 3 எம்பி. சாதாரண வைஃபை ரேடியோ, வேறு யாரும் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கும். இவர்கள் வைத்திருக்கும் ரகம் தன் கடிகாரப்படி தன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூன்று முறை நேரில் போய்ப் பேசினேன். "லைசன்ஸ் இல்லாத பேண்டுதானே" என்றார்கள். பிறருக்கு இடைஞ்சல் செய்யாமல், பிறர் இடைஞ்சலிலிருந்து தனக்குப் பாதுகாப்புக் கேட்காமல், பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அதில் பாதுகாப்புக் கேட்கக் கூடாது என்பது மட்டும் எங்களைப் போன்றவர்கள் தலையில் விடிகிறது.

சரி, உரிமம் உள்ள அலைக்கற்றையை வாங்கலாமே என்று கேட்பீர்கள். மொபைல் அலைக்கற்றையை, பெரும்பாலும் ஒரு மாநிலம் அளவுள்ள தொலைத்தொடர்பு வட்டம் வட்டமாகத்தான் ஏலம் விடுகிறார்கள். நாலு கிராமத்துக்கு வேண்டுமென்றால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும், அதுவும் 20 வருஷத்துக்கு, வாங்க வேண்டும். நடக்கிற காரியமா? 2024 ஜூன் ஏலத்தில் எல்லா வட்டங்களையும் கூட்டி 10,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தார்கள், விற்றது 141.4. 26 கிகாஹெர்ட்ஸைக் கேட்க ஆளே இல்லை. விற்காமல் கிடப்பதால் யாருக்கு லாபம்? அலைக்கற்றை பொதுச் சொத்து என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பகிர்ந்து கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்த அலைக்கற்றையின் ஒரு பகுதியை, அவருக்குக் கேடான இடையூறு வராதபடி, இரண்டாவதாக இன்னொருவருக்கும் ஒதுக்கலாம். தக்க காரணமில்லாமல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் திரும்ப எடுக்கவும் செய்யலாம். 2024 ஜூலையிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

பணம் கட்டி எடுத்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது நியாயமான கேள்வி. பிரிட்டனில் மொபைல் நிறுவனங்கள் ஓர் இடத்தில் பயன்படுத்தாத அலைக்கற்றையை அந்த இடத்துக்கு மட்டும் மற்றவர்கள் கேட்டு வாங்கலாம் என்று 2019லேயே வழி செய்தார்கள். நிறுவனத்தையும் கலந்துகொண்டுதான் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ரேடாருக்கு முதலிடம், உள்ளூர் அளவில் ஏலம் எடுத்தவருக்கு அடுத்த இடம், மிச்சம் இருப்பது எல்லாருக்கும். யாருக்கு எந்தச் சேனல் என்பதை ஒரு கணினித் தொகுப்பு பார்த்துக் கொடுக்கிறது. ரேடார் வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற மாவட்டம் இது. தலைமடைக்காரர் எடுத்ததுபோக மிச்சம்தான் கடைமடைக்கு என்று யாரும் இங்கே விட்டுவிடுவதில்லை. அலைக்கற்றைக்கும் அப்படி ஒரு முறை வேண்டும். 7ஆம் பிரிவை வைத்து ஊராட்சி ஒன்றிய அளவில், சிறு நிறுவனங்கள் கட்டக்கூடிய கட்டணத்தில், மூன்று நாலு வருஷத்துக்கு ஒதுக்கட்டும். உரிமம் வேண்டாத பேண்டில் வெளியே டிஷ் வைப்பவர்கள் எல்லாரும், பெரியவர் சிறியவர் பார்க்காமல், எந்த இடம், எந்தச் சேனல், எத்தனை அகலம் என்று ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதட்டும்.

முதலில் எங்கள் ஒன்றியத்தில் ஒரு வருஷம் சோதித்துப் பார்க்கலாம். என் பதினொரு டிஷ்ஷும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்ற கணக்கை முதல் ஆளாகக் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
இணையச் சேவை நடத்தும் ஒரு வாசகர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.