முதலில் மருத்துவமனை, பிறகு காவல் நிலையம்

ஆசிரியருக்கு,

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் 'உடனே காவல் நிலையம் செல்ல வேண்டும்' என்று சென்ற வார மகளிர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வரிசையை மாற்றியிருக்கலாம். புகாரை மறுநாளும் கொடுக்கலாம்; மருந்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல் தாங்காமல் பாதியில் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. வாந்திக்கும் சேர்த்தே மாத்திரை கேட்டு வாங்குங்கள். அவசரக் கருத்தடை மாத்திரையும் நேரம் ஆக ஆகப் பலன் குறையும்.

'மெமோ (காவல் நிலையக் கடிதம்) வாங்கி வாங்க' என்று மருத்துவமனையில் திருப்பி அனுப்பினால் நகரவேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 397-ஆவது பிரிவின்படி அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். போலீசுக்குச் சொல்வது மருத்துவமனையின் வேலை. வயது வந்த பெண் வழக்கு வேண்டாம் என்றால் அதை எழுதிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் சொல்லிவிட்டது.

'குளிச்சாச்சே, இனி என்ன இருக்கப்போகுது' என்று வீட்டார் கைவிட்டுவிடுகிறார்கள். குளித்திருந்தாலும் போகலாம், 96 மணி நேரம் வரை தடயம் எடுக்க மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலில் இடமுண்டு. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், ஈரமிருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பாலிதீன் பையில் கட்டினால் ஈரம் புழுங்கிப் பூஞ்சை பிடித்து மரபணுத் தடயம் கெட்டுவிடும்.

கணவனோ காதலனோ அடித்த காயமென்றால் மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'படியில் விழுந்தார்' என்று ஏறிவிட்டால் பின்னால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போடும்போது அதுவே எதிராக நிற்கும். யார், எதைக்கொண்டு, எங்கே அடித்தார் என்பது இருக்க வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தடம் இல்லாமலும் போகலாம். குரல் கம்மல், விழுங்க வலி, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளி இவற்றைச் சொல்லிப் பதியவைக்க வேண்டும். இரண்டொரு நாளில் உள்ளே வீங்கி மூச்சடைக்கும் ஆபத்தும் உண்டு என்பதால் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள்.

பிறகு காவல் நிலையம். எல்லை எதுவானாலும் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், நகல் இலவசம். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். அந்தப் பெண் கேட்டால் வீட்டுக்கே வர வேண்டும். உடன் போகிறவர் ஏ.ஆர். எண்ணைக் குறித்துவைத்தால் போதும், நடந்ததைத் தானும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெண்கள் உதவி எண் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துடன் இணைத்துவிடுவார்கள், தற்காலிகமாகத் தங்கவும் இடம் உண்டு. இத்தகைய செய்திகளின் அடியில் அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

– மருத்துவ சமூகப் பணியாளர்கள், மதுரை