முகப்புக்கு முன் மொட்டை மாடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் தெருவுக்குத் தெரு பெயின்ட் வாளிகள் வந்து இறங்கத் தொடங்கும். போனஸோ, சீட்டுப் பணமோ, நகைக்கடனோ, கையில் சேர்ந்த ஐம்பதாயிரம் அறுபதாயிரத்தைத் தீபாவளிக்கு முன் வீட்டு முகப்பில் பூசிவிடுவது நம் ஊர் வழக்கம். தீபாவளி வருகிற ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது என்பதை ஏனோ நாம் சேர்த்து நினைப்பதில்லை.

நானும் நினைக்காதவன்தான். ஓய்வுபெற்ற ஆண்டில் கையிலிருந்த தொகையைக் கொண்டு பட்டாசலுக்கு (முன்கூடத்துக்கு) டைல்ஸ் பதித்து, முன்சுவருக்கு வண்ணம் அடித்தேன். அடுக்களையின் மேல்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஓதம் தெரிந்தது. வேலைக்கு வந்தவர் மேலாகப் பூசிவிட்டால் போதும் என்றார், பூசினோம். அந்தக் கார்த்திகையில் ஒரு விடியற்காலை, பூச்சும் அதற்கு மேலிருந்த கான்கிரீட்டும் சேர்ந்து அடுப்பின்மேல் விழுந்தன. யாரும் எழுந்திருக்காத நேரமாக இருந்தது எங்கள் நல்லகாலம். அண்ணாந்து பார்த்தால் கம்பி செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இரும்பு துருவாக மாறும்போது பழைய பருமனைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உப்பிவிடுகிறது. அந்த உப்பலுக்கு இடமில்லாமல்தான் அடியிலுள்ள கான்கிரீட் பிளந்து விழுகிறது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, அதன்மேல் பாலிமர் சேர்ந்த கலவையை வைக்காமல் வெறும் சிமென்ட் பூசினால், அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ அதுவும் கீழே வரும். அந்த வேலையைக் கடன் வாங்கித்தான் செய்தேன். டைல்ஸ் இன்றும் பளபளப்பாகவே இருக்கிறது.

ஆகையால், குறைந்த பணத்தில் வீட்டைப் பழுதுபார்க்க நினைப்பவர்கள் முதல் ரூபாயை மொட்டை மாடியில் செலவிட வேண்டும் என்பது என் எண்ணம். பல வீடுகளில் குற்றம் தளத்தில்கூட இருப்பதில்லை: வேப்பிலை அடைத்த மழைநீர்க் குழாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஓடிய விரிசல், அதில் வேர்விட்ட அரசங்கன்று, பழைய தட்டோட்டின் இடுக்குகளில் உதிர்ந்துபோன சாந்து ஆகியவையே காரணமாக இருக்கும். குழாயின் வாயை அடைத்து, மாடியில் ஓரிரு அங்குலம் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்துக் கீழேயிருந்து பார்த்தால், எங்கே ஒழுகுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். செலவு தண்ணீர் மட்டுமே. தளமே பலவீனமாகத் தெரிந்தால் இந்தச் சோதனை வேண்டாம், ஏனென்றால் தேங்கிய நீரின் எடை சிறிதன்று. இன்னொன்று, ஆடிக்காற்றில் பூச்சு வேலை வைக்காதீர்கள். மேற்பரப்பு விரைவாக உலர்ந்து மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். காற்று அடங்கிய ஆவணியும் புரட்டாசியுமே இதற்கு ஏற்ற மாதங்கள்.

நீருக்கு அடுத்தது மின்சாரம். ஓதம் ஏறிய சுவருக்குள் முப்பது வருடப் பழைய ஒயர் ஓடும் வீட்டில், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருப்பதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியும் வண்ணார்பேட்டையும் கைலாசபுரமும் தண்ணீரில் நின்றதைப் பார்த்த நாம், பிளக் பாயின்ட்களைத் தரையை ஒட்டி வைக்கும் பழக்கத்தை அன்றே விட்டிருக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாத இந்த ஊரில் 2,000 வாட் கீசருக்குப் பலரும் முதலிடம் கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. அதை நாளுக்கு அரை மணி நேரம் ஓட்டினாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட் ஆகிறது. ஒழுக்கை அடைத்துவிட்டு அதே மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு மூன்று கை அடித்தால், வெயில் பெருமளவு திருப்பி அனுப்பப்பட்டு அடியிலுள்ள அறையின் புழுக்கம் குறையும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு 29 யூனிட்டுக்கும் குறைவு. முதல் 100 யூனிட் இலவசமாக உள்ள நம் மாநிலத்தில் இந்த வித்தியாசம் சிறியதன்று. ஏ.சி.யைப் பற்றி இதற்குப் பிறகு யோசிக்கலாம்.

குடிசைகளுக்கு மாற்றாக 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அரசு தருவது பாராட்டுக்குரியது. முப்பது நாற்பது ஆண்டுப் பழைய வீட்டில், ஓய்வூதியத்திலோ தினக்கூலியிலோ வாழ்பவருக்கு முதலில் தேவைப்படுவது பணம்கூட அன்று. எதை இந்த ஆண்டு செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று, பொருள் விற்கவோ வேலை பிடிக்கவோ அவசியமில்லாத ஒருவர் வந்து பார்த்துச் சொல்லும் வார்த்தை. இப்போது நமக்கு யோசனை சொல்பவர் பெயின்ட் கடைக்காரராகவும் டைல்ஸ் கடைக்காரராகவும் இருப்பதால்தான் பணம் முகப்புக்குப் போகிறது. திருநெல்வேலி மாநகராட்சி, இங்குள்ள அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையோடு சேர்ந்து, ஆவணி மாதத்தில் வார்டுதோறும் இரண்டு நாள் மேல்தளச் சோதனை முகாம் நடத்தி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்க முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.