ஹெபடைடிஸ் சி கூட்டுப் பயிற்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

இரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி உள்ளவர்களைக் கவனிக்கும் மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர், மருந்தாளுநர், ஆற்றுநர் (ஆலோசகர்) ஆகியோரை ஒரே அறையில் அமர்த்தி எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் நடத்திய பயிற்சி இனிதே நிறைவுற்றது. அதற்கு உதவிய அனைவருக்கும் ஒருங்கிணைப்புக் குழு நன்றி தெரிவித்துக்கொள்கிறது.

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் சுருக்கம் இல்லாதவர்கள் சோபோஸ்புவிர், டக்ளாடஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். இத்தனை இருந்தும் நோயாளிகள் நம் கையைவிட்டுப் போவது ஒரு துறைக்கும் மற்றொரு துறைக்கும் இடையில்தான். எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம்) சோதனையில் பாசிட்டிவ் வந்தவருக்கு, வைரஸ் இன்னும் உடலில் உள்ளதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. சோதனைச் சீட்டை எழுதுவது யார், முடிவு வந்ததும் அவரை அழைத்துச் சொல்வது யார் என்பதைப் பேசித் தீர்த்ததற்காகவே இப்பயிற்சியை நடத்தியது தகும்.

ஆய்வக நுட்பநர்களுக்கு முதல் நன்றி. குணமான பிறகும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நீடிக்கும், ஆதலால் மருந்து முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை செய்தே குணமானதை உறுதிசெய்ய வேண்டும் என்று அவர்கள் விளக்கியது பலரது ஐயத்தைப் போக்கியது. இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை உட்கொள்ளும் இதய நோயாளிக்குச் சோபோஸ்புவிர் கொடுத்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதையும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இம்மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதையும் மருந்தாளுநர்கள் எடுத்துரைத்தபோது மூத்த மருத்துவர்களே குறிப்பெடுத்தார்கள். பயிற்சி என்றால் மருத்துவர் பேச மற்றவர் கேட்பது என்ற வழக்கம் அன்று தலைகீழானதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லுமுன் கையுறை மாற்றுவதையும் ஊசிமருந்தைத் தனி இடத்தில் தயாரிப்பதையும் செய்து காட்டிய டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், சேர்ந்து உண்பதாலோ தொடுவதாலோ இந்நோய் பரவாது என்பதைக் குடும்பத்தாருக்குப் பக்குவமாகச் சொல்லும் முறையைக் கற்பித்த, எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் வழங்கும் நம்பிக்கை மையத்தின் ஆற்றுநர்களுக்கும் நன்றி.

சிகிச்சை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனையைத் தவறவிடக் கூடாது என்று காணொளி வழியே வலியுறுத்திய கல்லீரல் நிபுணர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். தொலைவிலிருக்கும் நிபுணரும் உள்ளூர் மருத்துவரும் நோயாளியின் விவரங்களைச் சேர்ந்து ஆராயும் இம்முறையை, மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதே நோய்க்காகத்தான் தொடங்கினார். அங்கு உள்ளூர் மருத்துவர்களிடம் கிடைத்த பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குக் குறையவில்லை என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

பெயர் குறிப்பிட விரும்பாமல், தம் சிகிச்சைக் காலத்தை எங்கள்முன் பகிர்ந்த நோயாளிக்கும், பணிநேரத்தை மாற்றிக்கொடுத்த வார்டு சகோதரிகளுக்கும், அலுவலகப் பணியாளர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அனைவரும் சேர்ந்து வகுத்த நோயாளித் தொடர்புப் பதிவேடு இப்போது ஆய்வகத்திலும் மருந்தகத்திலும் பயன்பாட்டில் உள்ளது.

இப்படிக்கு,
பயிற்சி ஒருங்கிணைப்புக் குழு