நடு அறையும் லண்டன் நேரமும்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

லண்டன் நிறுவனத்தின் கணக்கு வேலைக்கு ஓம் சொல்லிவிட்டாய், பிள்ளையோடு இங்கே நம் வீட்டுக்கு வந்து இருந்து செய்யப்போகிறாய், சந்தோஷம். "வீட்டில் இருந்துதானே வேலை, பிள்ளையையும் நானே பார்த்துக்கொள்ளுவேன்" என்று எழுதியிருந்தாய். அது மட்டும் சரிவராது. வீட்டில் இருந்து செய்தாலும் எட்டு மணித்தியாலம் எட்டு மணித்தியாலம்தான். மடியில் பிள்ளை, கையில் கணக்கு என்றால் 540 வரவேண்டிய இடத்தில் 450 விழும். வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால் இலக்கம் இடம்மாறியிருக்கலாம் என்று உனக்குத் தெரியும். ஆனால் எந்த வரியில் மாறியது என்று தேட ஒரு பின்னேரம் போய்விடும்.

முதலில் நேரத்தைப் பார். அவர்களுடைய காலை 9 முதல் மாலை 5 வரை என்பது இப்போது நமக்குப் பகல் 1.30 முதல் இரவு 9.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை உனக்கு 2.30 முதல் 10.30. பிள்ளையின் வயிற்றுக்கு இது தெரியாது. மாற்றத்துக்கு நாலு நாள் முதலே பகல் நித்திரையை நாளுக்குக் கால் மணித்தியாலம் தள்ளிக்கொண்டு வா. ஒரே நாளில் தள்ளினால் முதற் கூட்டத்துக்கு நீ இருக்கிற நேரம் பார்த்து அவள் வீரிடுவாள்.

இந்த நேரத்தில் ஒரு நல்லதும் இருக்கிறது. காலை முழுக்க உன் கையில். தடுப்பூசிக் கிளினிக் கிழமை நாட்களில் காலையில்தான் நடக்கும். ஆறாம் மாத ஊசிக்கு லீவு கேட்கத் தேவையில்லை, பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை மறக்காமல் கொண்டுவந்தால் போதும். திட உணவும் அடுத்த மாதம்தான் தொடங்குகிறது. புதுச் சாப்பாட்டைக் காலை பத்து மணிக்குக் கொடு, இரவில் வேண்டாம். தடிப்போ வயிற்றோட்டமோ வந்தால் பகலிலேயே தெரியும், மருத்துவமாதுவிடம் கேட்கலாம். குழையவிட்ட சோறும் பருப்பும் மசித்து இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். கரண்டியைச் சரித்தால் வழுக்கி ஓடாத பதம் வேண்டும். தண்ணியாகக் கரைத்தால் வயிறு நிறையும், பலன் இராது. தேன் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதே, ஆர் சொன்னாலும்.

கஷ்டமான நேரம் பின்னேரம் ஆறிலிருந்து எட்டு. மைமல் பட்டால் பிள்ளை தாயைத்தான் தேடும். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணிக்கு என்றால், குளிர்காலத்தில் நமக்கு 6.30. அந்த ஒரு மணித்தியாலத்தைத் தொடங்கும்போதே எழுத்தில் கேட்டு நாட்காட்டியில் பூட்டிவை. குளிப்பாட்டு, பால், நித்திரை எல்லாம் அதற்குள் அடங்கும். பிறகு கேட்டால் "சலுகை" என்பார்கள், முதலே கேட்டால் அது நிபந்தனை.

அடுத்தது ஆள். அம்மம்மா வீட்டில் இருக்கிறாதானே என்று நினைக்காதே. ஏழு எட்டுக் கிலோப் பிள்ளையை இந்த இடுப்பு ஒரு மணித்தியாலம் தாங்கும், எட்டு மணித்தியாலம் தாங்காது. பகல் ஒன்றிலிருந்து இரவு ஏழு வரை சம்பளத்துக்கு ஒருவர் வேண்டும், இரவு ஏழுக்குப் பிறகு நான். அவரை வேலை தொடங்கும் அன்று கூப்பிடாதே. ஒரு கிழமை முந்தியே வரட்டும். முதல் இரண்டு நாள் நீ பக்கத்தில், அடுத்த இரண்டு நாள் நீ அறைக்குள், கடைசியில் நீ வீட்டிலேயே இல்லாமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வா. அப்போதுதான் அவரிடம் பிள்ளை போத்தலில் குடிக்கிறதா என்று தெரியும்.

வேலை நேரத்தில் தேத்தண்ணி போட என்று குசினிக்கு வராதே. பிள்ளை உன்னைக் கண்டால் போதும், பிறகு அரை மணித்தியால அழுகை. பிளாஸ்கில் சுடுதண்ணியும் கூசாவில் தண்ணியும் அறைக்குள் இருக்கட்டும். வெளியே வருவது பால் கொடுக்க மட்டும், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில். கூட்டம் நீண்டால் உதவ ஒரு போத்தல் தாய்ப்பால் எடுத்துவை. ஒரேயடியாக நிரப்பாமல் 60 மில்லி லீற்றராகப் பிரித்து வைத்தால் வீண்போகாது. வெளியே நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகைக்குள் இருக்கும் அறைக்கு. நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் வெக்கைக் காலத்தில் அந்தக் கணக்கு வேலைசெய்யாது. எடுத்த கையோடு பிரிட்ஜின் உட்பக்கம் வை, கதவுத் தட்டில் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும். அங்கே நாலு நாள் இருக்கும். சூடாக்குவது சுடுதண்ணிப் பாத்திரத்தில் இறக்கித்தான், மைக்ரோவேவ் ஒரு இடம் கொதிக்க ஒரு இடம் குளிரவிடும். வாய் வைத்த போத்தலில் மிச்சமிருந்தால் ஊற்றிவிடு.

இரவு 10.30க்கு முடித்ததும் பிள்ளையை எழுப்பாமல் நித்திரையிலேயே ஒருக்கால் பால் கொடுத்துவிட்டுப் படு. நடுச்சாமப் பாலை நீயே கொடு, அந்த நேரத்தில்தான் பால் சுரக்கவைக்கும் ஹோர்மோன் கூடுதலாக இருக்கும். அதை விட்டால் பால் குறையும். விடிய ஐந்தரைக்கு எழும்புவதை எனக்கு விடு, ஏழரை வரை படு. வெள்ளி இரவு ரயிலில் மருமகன் வந்தால் சனி, ஞாயிறு அந்த முறை அவருக்கு.

இனி அறை. பின் அறை அமைதி என்று நீ நினைத்திருப்பாய். அதற்குத் தகரக் கூரை. நவம்பரில் வாடைமழை தொடங்கினால் நீ கத்தினாலும் லண்டனுக்கு மழைதான் கேட்கும். முன் அறையில் பாண் ஓட்டோவின் பாட்டு, மீன்காரரின் ஹோன். நடு அறைதான் சரி. அங்கே வைபை இரண்டு கற்சுவர் தாண்டி வரவேண்டும், தேய்ந்துபோகும், வயர் இழு. காற்றாடியை நேரே மேலே சுழலவிடாதே, மைக்கில் இரைச்சல் ஏறும்.

கரண்ட் போனால் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் நிற்கும். ரவுட்டருக்கு என்று சின்ன யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ஓடவைக்கும் பற்றரிப் பெட்டி, விற்கிறார்கள். பெட்டியில் 8800 mAh (மில்லி அம்பியர் மணித்தியாலம்) என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே. அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் பற்றரிக்கான அளவு. பெருக்கினால் ஏறக்குறைய 32 வற் மணித்தியாலம், இழப்புப் போகப் பத்து வற் ரவுட்டர் இரண்டரை மணித்தியாலம் ஓடும். வாங்குமுன் ரவுட்டர் அடப்ரரில் 12 வோல்ற்றா 9 வோல்ற்றா என்று பார். வயரே அறுந்தால் போனின் டேட்டாதான். நம் வீட்டில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நடு அறைக்குள் வருகிறது என்று வந்த அன்றே பார்த்துவிடு.

ஒப்பந்தத்தையும் ஒருக்கால் வாசி. கொழும்பு வேலையில் 84 நாள் பிரசவ லீவும், ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உன் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர்களின் 3 வீதமும் இருந்தது. இது சுயாதீன ஒப்பந்தம் என்றால் ஒன்றும் இராது. அந்த 23 வீதத்தை நீயே ஒவ்வொரு மாதமும் வேறு கணக்கில் போடு, செலவுக் கணக்கில் விட்டால் கரையும். பணம் வங்கி வழியாகவே வரட்டும். வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 2025 ஏப்ரலில் இருந்து வரி உண்டு, கூடியது 15 வீதம். வருடம் 18 இலட்சம் வரை தனிநபர் விலக்கு.

ஜனவரி 31 லண்டன்காரருக்கு வரி விபரம் கொடுக்கக் கடைசி நாள். அந்த மாதம் முழுக்க நெருக்கும். பொங்கல் அதற்குள்தான் வருகிறது, லீவை நவம்பரிலேயே கேட்டுவிடு.

வயருக்கு அளந்து பார்த்தேன். ரவுட்டரில் இருந்து மேசை வரை 13 மீற்றர், கதவு நிலையைச் சுற்றிவர 15 வேண்டும். 20 மீற்றராக வரும்போது நீயே வாங்கி வா. ஆணி அடிக்கிற கிளிப்பும் ஒரு பெட்டி, பிள்ளை தவழத் தொடங்கினால் நிலத்தில் கிடக்கும் வயரைத்தான் முதலில் வாயில் வைக்கும்.

அம்மா