கலந்தால் குளிராது, சூடாகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் கேள்வி பதிலில், "தண்ணீரோடு ஆல்கஹாலைச் சேர்த்தால் கலவை குளிர்ந்துவிடும், ஆல்கஹால் வேகமாக ஆவியாவதே காரணம்" என்று அச்சாகியிருக்கிறது. கையில் தடவிய ஸ்பிரிட் சில்லென்று இருப்பதை வைத்து எழுதப்பட்ட பதில் இது. அச்சுக்குப் போகும் முன் ஒருவர் தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்திருக்கலாம்.

தூய எத்தனால் (இங்கே ஆல்கஹால் என்பது இதுதான்) 100 மில்லி, தண்ணீர் 100 மில்லி. இரண்டையும் மூடி, ஒரே அறையில் சில மணி நேரம் வைத்திருந்து, வெப்பநிலை ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு, தெர்மாஸ் பிளாஸ்குக்குள் ஊற்றிக் கலக்கினால் ஒரு நிமிடத்துக்குள் ஆறேழு டிகிரி ஏறும். கனமான கண்ணாடிப் பீக்கரில் செய்தால் சூட்டில் ஒரு பங்கைப் பீக்கரே வாங்கிக்கொள்ளும். ஏற்றம் குறைவாகத் தெரியும். கலக்கியதும் திரவம் லேசாக மங்கி, பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். அது கொதிப்பு அல்ல. இரு திரவங்களிலும் கரைந்திருந்த காற்று கலவையில் அந்த அளவு கரையாமல் வெளியேறுகிறது, அவ்வளவுதான். தெர்மாமீட்டரை வெளியே தூக்கிப் பிடித்துப் படித்தால் மட்டுமே குளிர்ச்சி தெரியும். முனையில் ஒட்டிய ஆல்கஹால் ஆவியாகி அளவை இறக்கிவிடும். பதில் எழுதியவர் பார்த்திருந்தால் அதைத்தான் பார்த்திருப்பார்.

நீர் மூலக்கூறுகள் எத்தனாலைச் சூழ்ந்து ஹைட்ரஜன் பிணைப்புகளைப் புதிதாக அமைத்துக்கொள்வதில் வெளிப்படும் ஆற்றலே இந்தச் சூடு. 25 டிகிரியில், எத்தனால் எடையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போது வெப்பம் உச்சம்: கலவையின் ஒரு மோலுக்குச் சுமார் 780 ஜூல். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

அறிந்தும் இப்படி அச்சாவதுதான் வருத்தம். மாணவர் பக்கத்தில் முன்பு, "சூடு உண்டானால் அது வேதிவினை" என்று வந்தது. ஆனால் இந்தக் கலவையைக் காய்ச்சி வடித்தால் அதே எத்தனால்தான் திரும்பக் கிடைக்கிறது. புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை. பிறகு, "அமிலத்தைப் போலவே ஆல்கஹாலையும் துளித்துளியாகத்தான் நீரில் விட வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும்" என்று ஓர் எச்சரிக்கை. ஒரு மோல் கந்தக அமிலம் ஏராளமான நீரில் கரையும்போது ஏறத்தாழ 95 கிலோஜூல் வெளிப்படும். எத்தனாலுக்கு அது 10 தான். ஆல்கஹால், நீர் இரண்டில் எதை எதில் ஊற்றினாலும் தெறிக்காது. எச்சரிக்க வேண்டியது தீயைப் பற்றி: தூய எத்தனாலின் ஆவி 13 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். அதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. தனிம அட்டவணை தந்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ்தான் 40 சதவீத வோட்காவைக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் தங்கள் இதழ் விட்டுவைக்கவில்லை. 1865-இல் அவர் அளித்த ஆய்வேடு ஆல்கஹாலும் நீரும் சேரும்போது கன அளவு எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பற்றியது. வோட்காவுக்கு அதில் இடமில்லை.

அந்தச் சுருக்கம் தெரியாமல் எழுதியதுதான் இவற்றில் பெரிய தவறு. 95 சதவீத எத்தனால் 737 மில்லியுடன் 263 மில்லி தண்ணீர் சேர்த்தால் 70 சதவீதக் கிருமிநாசினி ஒரு லிட்டர் கிடைக்கும் என்று செய்முறை வந்தது. 737 சரி. 263 தவறு. கழித்தல் கணக்கு இங்கே செல்லாது. 50 மில்லியும் 50 மில்லியும் சேர்ந்தால் 96, 97 தான் வரும். ஒரு லிட்டர் நிறைய ஏறத்தாழ 288 மில்லி தண்ணீர் வேண்டும். 263-உடன் நிறுத்தினால் குடுவையில் 25 மில்லி குறையும், செறிவும் 72-ஐ நெருங்கும்.

சூட்டை மறந்தாலும் தவறு நேரும். இந்தக் கலவை மூன்று நான்கு டிகிரி சூடேறும்; அந்தச் சூட்டில் ஒரு லிட்டரில் மூன்று நான்கு மில்லி உப்பியிருக்கும். சூட்டோடு குடுவையின் ஒரு லிட்டர் கோடு வரை நிரப்பினால் ஆறியபின் மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். செறிவுமானியையும் (ஆல்கஹால் சதவீதம் காட்டும் மிதவைக் கருவி) சூட்டோடு மிதக்கவிடக் கூடாது. 20 டிகிரிக்கு அளவிட்ட கருவி, மூன்று டிகிரி கூடினாலே ஏறக்குறைய ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும். ஆகவே தண்ணீரில் பெரும்பகுதியை ஊற்றிக் கலக்கி, மூடி வைத்து, 20 டிகிரிக்கு வந்தபின் மீதியைக் கோடு வரை சேர்ப்பதே முறை. மூடாமல் ஆறவிட்டால் ஆல்கஹால் போய்விடும்.

செய்முறை வந்தபோதே இதை எழுதி அனுப்பினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. பக்க நெருக்கடி இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். இம்முறை பொறுக்க முடியவில்லை. இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கரைசல் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேட்பது இரண்டே வரி. "கலவை சூடாகும்" என்று ஒரு திருத்தம், "263-க்குப் பதில், ஆறவிட்டு ஒரு லிட்டர் கோடு வரை" என்று இன்னொன்று. கேள்வி பதில் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்